நாட்டு மருந்துக்குச் சட்டமும் வேண்டும், வைத்தியரும் வேண்டும்



"நாட்டு மருந்தை எல்லாம் சர்க்கார் ஒழிச்சுக்கட்டப் பார்க்குது" என்ற பேச்சு தோட்டங்களில் அடிபடுகிறது. பெரட்டுக் களத்திலும் பேசுகிறார்கள், கோயில் வாசலிலும் பேசுகிறார்கள். பாரம்பரிய வைத்தியம் செய்கிறவர்கள் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவில்லாமல் வைத்தியம் பார்த்தால் குற்றம் என்று ஆனதிலிருந்து இந்தப் பேச்சு பலத்துவிட்டது. இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட வேகமாகப் பரவும். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, அதில் நமக்கு லாபம் எது, நட்டம் எது என்று கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் பயம் தீர ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைக்குச் சளி என்று பாட்டி கற்பூரவல்லி சாறு பிழிந்து கொடுப்பதையோ, சிரங்குக்குக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பச்சை மூலிகைக்கும் காய்ந்த மூலிகைக்கும் பதிவு எண் கேட்பதில்லை. வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளிக்கென்று தாமே தயாரித்து, தம் கையாலேயே கொடுக்கும் மருந்துக்கும் பதிவு தேவையில்லை. அதே மருந்தைப் புட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஊருக்கெல்லாம் விற்கும்போதுதான் சட்டம் உள்ளே நுழைகிறது. அது நியாயம்தான்.

இங்கே இரண்டு சட்டங்களை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று மருந்துப் பொருளைப் பற்றியது. 1984ஆம் ஆண்டு வந்த மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ், பாரம்பரிய மருந்துகளுக்கு 1992 முதல் பதிவு நடக்கிறது. மற்றொன்று வைத்தியம் பார்க்கிற ஆளைப் பற்றியது. அது 2016இல் வந்த 775ஆம் எண் சட்டம். மலாய், சீன, இந்திய வைத்தியங்கள், இஸ்லாமிய முறை, ஹோமியோபதி, இன்னும் எலும்பு, முதுகுத்தண்டு சம்பந்தப்பட்ட இரண்டு முறைகள் என ஏழு துறைகளை அது ஏற்றுக்கொள்கிறது. நம்முடைய சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் இந்திய வைத்தியம் என்ற தலைப்பில் அடங்கும். வைத்தியர்கள் பதிவு 2021 மார்ச் 1ஆம் தேதி ஆரம்பித்தது. மூன்று வருட அவகாசம் கொடுத்து, 2024 மார்ச் முதல் அமலாக்கம் என்றார்கள். பதிவில்லாமல் வைத்தியம் செய்தால் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மருந்துச் சட்டத்தைப் பொறுத்தவரை என் கட்சி சர்க்கார் கட்சிதான். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே இருக்கலாம் என்பேன். ஏன் என்று கேளுங்கள்.

பாசார் மாலாமில் மூட்டுவலிக்கு விற்கிற ஜாமு மாத்திரை, மாஜூன் உருண்டை இவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குலை வெட்டி வெட்டித் தோள்பட்டை விட்டுப்போனவர்கள், மருந்துத் தோம்பு சுமந்து முதுகு வளைந்தவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். "ரெண்டு நாள்ல வலி பறந்து போச்சு, அற்புதமான மருந்து" என்பார்கள். அந்த ரெண்டு நாள் அற்புதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். வேரும் இலையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வது அபூர்வம். இப்படிப்பட்ட சரக்குகளைச் சோதனைச் சாலையில் பார்த்தபோது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பல தடவை அகப்பட்டிருக்கிறது. டாக்டர் அளந்து, நாள் குறித்துக் கொடுக்க வேண்டிய இங்கிலீஷ் மருந்து அது. மூலிகைப் படம் போட்ட டப்பாவில் திருட்டுத்தனமாகக் கலந்து விற்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பிவிடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பொருபொருத்துப் போகும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினாலும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் நிறுத்தியிருக்கும். மயங்கி விழுந்து உயிருக்கே வந்துவிடும். ஆகவே நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

உடம்பு மெலிய விற்கிற மருந்திலும், ஆண்மைக்கு என்று விற்கிற மருந்திலும் இதே திருட்டுத்தனம்தான். அதை விவரிக்கப் போனால் பக்கம் போதாது.

இனி நம்ம சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பற்பம், செந்தூரம் என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறவற்றில் பலவற்றுக்கு மூலப்பொருள் பாதரசம், ஈயம், பாடாணம் போன்றவை. முறைப்படி சுத்தி செய்தால் விஷம் போய்விடும் என்பது வைத்தியர்கள் வாதம். அப்படியென்றால் சோதித்துக் காட்டுவதில் என்ன கஷ்டம்? நம் நாட்டுப் பதிவு விதிப்படி ஒரு கிலோ பாரம்பரிய மருந்தில் ஈயம் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, பாடாணம் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3. பதிவுக்கு வரும் மருந்து இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில், தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். அதில் 14 மருந்துகளில் இந்த உலோகங்கள் இருந்தன. நாமும் இந்தியாவுக்குப் போய்வரும்போது பெட்டி நிறைய மருந்து கட்டிக்கொண்டு வருகிறோம். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. தோட்டம் பூராவும் விற்கிற அளவுக்கு இல்லை.

செடிகளிலும் எல்லாம் அமுதம் கிடையாது. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டும் நம் பெரியவர்கள் விஷக்கடிக்கு வைத்திருந்த மூலிகைகள். இவற்றின் குடும்பச் செடிகளில் இருக்கிற ஒரு அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்குகிறது. 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு மெலிவதற்காக இந்த இனத்து மூலிகை கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் உலகமே விழித்துக்கொண்டது. நம் நாட்டிலும் இந்த இனச் செடி கலந்த மருந்தைப் பதிவு செய்வதில்லை. பாம்பு கடித்தால் வேரைத் தேடி ஓடாதீர்கள். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் உண்டு.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீட்டுப் பழக்கம். சாதாரணக் காமாலை தானாக இறங்கும், கீழாநெல்லிக்குப் பேர் கிடைக்கும். அதனால் குற்றமில்லை. ஆனால் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எலி ஜாஸ்தி. எலி மூத்திரம் பட்ட தண்ணீரில், சேற்றில் வெறுங்காலோடு வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு காமாலையும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2010 முதல் இது கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சில நாளில் அடித்துவிடும் நோய் இது. இதற்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலாம் நாள் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம்.

இன்னொன்று, எந்தச் சட்டத்திலும் இல்லாதது, ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து. மூலிகையை எங்கே பறிக்கிறீர்கள்? பனை நிரையில்தானே? அங்கேதான் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக இப்போது அடிக்கிற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. நேற்று மருந்தடித்த நிரையில் இன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும் குப்பைமேனி. வாட இரண்டு மூன்று நாளாகும். கண்ணுக்குத் தெரியாது. கழுவினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், சில மருந்து இலைக்குள்ளேயே இறங்கிவிடும்.

சரி, மருந்து விஷயத்தில் சர்க்காரைப் பாராட்டியாயிற்று. இனி வைத்தியர் விஷயம். இங்கேதான் எனக்கு மனவருத்தம்.

முந்தி தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரெசர் இருந்தார். 1965ஆம் ஆண்டிலேயே தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கென்று தனியாக ஒரு பதிவுச் சட்டம் போட்டார்கள். டிரெசர் ஒரு பக்கம், லயத்து வைத்தியர் இன்னொரு பக்கம் என்று ஓடியது வண்டி. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ப் பனை வந்தது, ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டன, ஜனங்கள் தாமானுக்கும் புறம்போக்குக்கும் சிதறினார்கள். டிரெசரும் போனார், லயத்துக் கொல்லையில் இருந்த நொச்சியும் ஆடாதோடையும் போயின. மிஞ்சியிருக்கிறவர் சுளுக்கு வழிக்கிற பெரியவரோ, பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பாட்டியோதான். அவர்களிடம் சர்ட்டிபிகேட் இல்லை. மனு எழுத மலாயோ ஆங்கிலமோ வராது. கம்ப்யூட்டரில் பாரம் பூர்த்தி செய் என்றால் பேரனைத்தான் கூப்பிட வேண்டும், பேரன் சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருப்பான்.

சட்டம் வந்தால் நல்லவர் ஒதுங்கிவிடுகிறார், போலி ஒதுங்குவதில்லை. "எனக்கு எதுக்குய்யா வம்பு" என்று சுளுக்குப் பெரியவர் கையைக் கழுவிவிடுவார். டெலிபோனில் படம் காட்டி, சர்க்கரை வியாதியை நாற்பது நாளில் வேரோடு அறுப்பேன் என்கிறவன் மட்டும் ஜோராக வியாபாரம் பண்ணுகிறான். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி நீரிழிவு, புற்றுநோய், இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா, காசநோய், வலிப்பு, பிள்ளையில்லாமை உட்பட 20 வகை நோய்களுக்கு மருந்து உண்டு என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. அந்தச் சட்டத்துக்கு வயது எழுபதை நெருங்குகிறது. இருந்தும் அந்த விளம்பரங்கள் நம் கைத்தொலைபேசியில் தினம் வந்து விழுகின்றன. பிடிக்க வேண்டியவர்களைப் பிடிக்காமல் எளியவர்களைப் பயமுறுத்தினால் அது ஒழுங்குமுறை ஆகாது.

இதைவிட நல்ல வழி இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறது என்பதுதான் என் வாதம். கிராமத்து மருத்துவச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பீடான் கம்போங் என்று மலாய்க்காரர் சொல்வார்கள். 1966ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் வந்தபோது, படிக்காத கிழவிகள் எல்லாம் வெளியே போங்கள் என்று சர்க்கார் சொல்லவில்லை. அவர்களுக்கென்று பதிவேட்டில் தனிப் பகுதி வைத்துச் சேர்த்துக்கொண்டது. கையைச் சுத்தமாக வைக்க, தொப்புள்கொடியைச் சுத்தமாக வெட்ட, ஆபத்துக் குறி கண்டால் உடனே ஆள் அனுப்பக் கற்றுக்கொடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசவம் பார்க்கும் வேலை படித்த மருத்துவத் தாதியரின் கைக்கு மாறியது. பழைய மருத்துவச்சி பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வதும், பிள்ளை பெற்ற பிறகு உடம்பு பிடித்துவிடுவதும் என்று தமக்கு ஏற்ற இடத்தில் நின்றார். யாரும் அவமானப்படவில்லை. பிரசவத்தில் தாய்மார் சாவது பல மடங்கு குறைந்தது. அந்த அனுபவத்தைப் பிற நாடுகளுக்குப் பாடமாக எடுத்துச் சொல்லுகிறார்கள். நம் சுளுக்குப் பெரியவருக்கும் தோட்டத்துப் பாட்டிக்கும் அதே மரியாதையான வாசல் ஏன் திறக்கக் கூடாது? எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடாதே, படம் எடுத்த பிறகு சுளுக்குக்கு மட்டும் வழி என்று எல்லை கட்டி, பத்து நாள் பயிற்சி கொடுத்து, தமிழில் ஒரு அட்டை கொடுத்தால் அவர் ஊருக்கு உபகாரி.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு 2007இல் கெப்பாலா பத்தாசில் தொடங்கியது. மலாய் முறை உருவுதலும் சீன ஊசி வைத்தியமும் பல ஊர்களில் வந்துவிட்டன. சந்தோஷம். இந்திய வைத்தியம் என்று பார்த்தால் போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியிலும் செராஸ் மறுவாழ்வு ஆஸ்பத்திரியிலும் நெற்றியில் எண்ணெய் வார்க்கும் சிரோதாரா சிகிச்சை நடந்து வந்திருக்கிறது. கெடாவிலோ பேராக்கிலோ பனைக் குலை வெட்டுகிற ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, போர்ட்டிக்சன் போய் நெற்றியில் எண்ணெய் வார்த்துக்கொண்டு வருவாரா? சிங்கப்பூரைப் பார்த்தால் நாம் தேவலை. அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சீன வைத்தியரை மட்டும்தான் பதிவு செய்கிறது. இங்கே நம் வைத்தியத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது, தோட்டத்துப் பக்கம் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சம்பளப் பையைத் தொடும் விஷயம். இதைக் கவனமாகப் படியுங்கள், வீட்டில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவு பெற்ற பாரம்பரிய வைத்தியரே ஆனாலும் அவர் கொடுக்கும் சீட்டு மருத்துவ விடுப்புக்குச் செல்லாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி எம்.சி. என்றால் பதிவு பெற்ற டாக்டரோ பல் டாக்டரோ கொடுத்ததுதான். சர்வீஸ் இரண்டு வருடத்துக்குக் குறைவென்றால் வருடத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். எம்.சி. எடுத்தாலும் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? பனை ஓலை விழுந்து கை பிசகியது என்று நேரே எலும்பு கட்டுகிறவரிடம் போய், நாலு நாள் வீட்டில் படுத்துவிட்டு ஐந்தாம் நாள் வேலைக்குப் போனால், கிராணி பேரேட்டில் நாலு நாளும் ஆப்சென்ட். சேர்ந்தாற்போல் இரண்டு வேலை நாளுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் வேலையை விட்டவர் என்று நிர்வாகம் வாதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

பெர்க்கெசோவும் அப்படித்தான். வேலையில் அடிபட்டு, அடிபட்ட நாளையும் சேர்த்து நாலு நாளாவது டாக்டர் எம்.சி. இருந்தால்தான் தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை கிடைக்கும், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. முதல் நாள் டாக்டர் பதிவு இல்லையென்றால், பிறகு கை நிரந்தரமாக மடங்காமல் போனாலும் அது வேலையில் வந்த காயம் என்று நிரூபிக்கத் தலைகீழாக நிற்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்க்கெசோ உண்டு. பக்கத்து லயத்து இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். அடிபட்டால் முதலில் கிளினிக், பிறகு எண்ணெய். கிளினிக் கெசிஹாத்தானில் நம் நாட்டவருக்கு ஒரு வெள்ளிதான்.

இந்தச் சீட்டு விஷயத்தில் சட்டத்தை மாற்றச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எல்லா நோய்க்கும் எல்லா வைத்தியரும் விடுப்பு எழுதலாம் என்று நான் கேட்க மாட்டேன், போலிச் சீட்டு பெருகிவிடும். டாக்டர் பார்த்து, படம் எடுத்து, முறிவில்லை என்று எழுதிய பிறகு, பதிவு பெற்ற வைத்தியரிடம் உருவிக்கொள்ளும் செலவைப் பெர்க்கெசோ ஏற்கலாம் அல்லவா? சங்கம் இதை எடுத்துப் பேச வேண்டும். அத்தோடு வைத்தியர் பதிவுக்குத் தமிழில் விளக்கத்தாளும், பாரம் பூர்த்தி செய்து கொடுக்க வட்டாரத்துக்கு ஓர் ஆளும் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் மருந்தடிக்காத கால் ஏக்கர் மூலைநிலம் மூலிகைக்கு விடும்படி நிர்வாகங்களைக் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதைச் சேர்த்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

கடைசியாக, புட்டியைப் பார்க்கும் முறை. பதிவான பாரம்பரிய மருந்தின் லேபிளில் "உபாட் திராடிசியோனல்" என்று இருக்கும். மால் என்ற மூன்று ரோமன் எழுத்து, பிறகு 8 எண்கள், பிறகு டி என்ற எழுத்து இருக்கும். கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கர், 2005 முதல் அது கட்டாயம். எண்ணைப் பொய்யாகவும் அச்சடிக்கிறார்கள், ஆகவே தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பேர் ஒத்துவருகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தால், விஷமும் கலப்படமும் இல்லாமல் தயாரிப்பதாகச் சர்க்காரிடம் கணக்குக் காட்டிய மருந்து என்று அர்த்தம். நோய் தீரும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. இன்சுலினை நிறுத்தச் சொல்லும் மருந்து எந்த எண்ணோடு வந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற புட்டி, டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எண்ணை அங்கேயே பார்த்துவிடலாம். எண் இல்லாதது எத்தனை, எங்கே வாங்கியது என்று கிளைச் செயலாளர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அமைச்சுக்குக் கொடுக்கும் மனுவோடு அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்பலாம்.